வெயில் படாத பூக்கள்

“இது அது இல்ல.”

மூன்றாம் ஹாலக்கா அன்றைக்கு இதைச் சொல்வது நாலாவது தடவை. முதல் தடவை எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அடுத்தது, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோது, உட்காராமலே. அப்புறம் தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி ஹாரனுக்கு நடுவில். இப்போது படத்துக்கு நேர் எதிரே நின்று சொல்கிறார். ஒரு தடவைகூடக் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புளுகுகிறவர்கள் இதற்குள் பத்து சத்தியம் பண்ணியிருப்பார்கள். இவர் ஒன்றுகூடப் பண்ணவில்லை.

அந்தப் படம் தொங்கிய மியூசியத்தில் மூன்றாம் ஹாலின் காவலாளி அவர். பதினாறு வருஷமாக ஒரே ஹால், ஒரே நாற்காலி. அங்கே வேலை செய்கிற எல்லாரும் அவரை ‘மூணாம் ஹாலக்கா’ என்றே கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பேசாமல் இருந்துவிடுவாராம்.

என் சித்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் எரிந்த குடோன்களையும் தொலைந்த வைரங்களையும் விசாரித்தே காலம் தள்ளியவர். ரிடையர் ஆன மறுநாளே டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டார். நான் அவருக்கு உதவியாளர். முப்பத்து நாலு வயசு, பாதி வழுக்கை, இதற்கு முந்தைய வேலை வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் விற்றது. என்னைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படம் கையை விரித்தால் கொள்ளும் அகலம்தான். கிட்டே போனால் ஒன்றும் இல்லை, யாரோ கோபத்தில் பிரஷ்ஷை உதறிய மாதிரி பொட்டுப் பொட்டாகப் பெயின்ட். பத்தடி பின்னால் வந்தால் கதையே வேறு. வரிசையாகப் பழமரங்கள், கிளை தெரியாமல் பூத்துத் தள்ளியிருக்கின்றன. அடியில் புல், பின்னால் ஒரு சின்ன மேடு, அதன் மேல் ஓட்டு வீட்டின் கூரை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓவியர் வயல்வெளியில் ஸ்டாண்டை ஊன்றி, பூ உதிர்வதற்குள் அடித்துப் பிடித்து வரைந்தது என்று பக்கத்துப் போர்டு சொன்னது. அவசரத்தில் ஒரு மனுஷனால் இவ்வளவு நன்றாக வேலை செய்ய முடியும் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் படத்தைச் சுத்தம் பண்ணவென்று கழற்றிக்கொண்டு போனார்கள். போன செவ்வாய்க்கிழமை திரும்ப மாட்டினார்கள். அக்கா வந்து பார்த்தார். ஹால் டைரியில் ‘படம் மாறியிருக்கிறது’ என்று ஒரே ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான், மேலே இருப்பவர்களுக்குக் காரம் தலைக்கேறிவிட்டது. இன்று சாயங்காலம் நாலரைக்கு வேறு ஊர்ப் பெரிய மியூசியத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தங்கள் கண்காட்சிக்கு இந்தப் படத்தை வாங்கிப் போவதற்கு. அதற்குள் அக்கா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘மனச்சோர்வினால் தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.’ நாலு மணிக்குள் போடாவிட்டால் வேலை போய்விடும்.

கடிதம் அவர் கைப்பையில் நாலாக மடித்து இருந்தது. அவருடைய மகள் காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணி அழுதிருக்கிறாள், ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுவிட்டு வா என்று. போட மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம். தன் மனசு நன்றாகத்தான் இருக்கிறது, சோர்வு ஒன்றும் இல்லை, இல்லாத சோர்வுக்கு எதற்குக் கையெழுத்து என்று எங்களிடம் கேட்டார். நியாயம்தானே.

“என்ன மாறியிருக்குன்னு சொல்லுங்க,” என்றார் சித்தி.

“பூவு. இது ரோஸா இருக்கு. நம்மது வெளுப்பு. நான் வந்த புதுசுல லேசா ரோஸ் இருந்துச்சு, வருஷா வருஷம் வெளுத்துக்கிட்டே வந்துச்சு. அப்புறம் அந்த மூணாவது மரம். நம்மதுல அது கொஞ்சம் தயங்கி நிக்கும். இது தயங்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது, சித்தி முறைத்ததும் அடங்கிவிட்டது. மரம் தயங்குகிறதாம். இதைக் கொண்டுபோய் எந்தக் கோர்ட்டில் சொல்வது?

அப்போதுதான் கியூரேட்டர் வந்தார். அந்த மியூசியத்தில் படங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். உயரம், ஒல்லி, வெண்ணெய் மாதிரிப் பேச்சு. இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, கோபப்படுவதற்கு ஒரு சாக்குகூடத் தர மாட்டார்கள். மூன்று நிபுணர்கள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்களைத் தாமே கொண்டுவந்து சித்தி கையில் கொடுத்தார். துணி பழையது, பெயின்ட் பழையது, கையெழுத்து ஓவியருடையதே. படம் இங்கே வந்த நாளிலிருந்து சேர்ந்த பத்தொன்பது வருஷ அழுக்கு போனதால் பூக்களின் பழைய நிறம் வெளியே வந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். அக்கா ரொம்ப நல்ல மாதிரி, என்ன செய்வது, வயசாகிறது என்று வருத்தப்பட்டார். எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது, உங்களுக்கு என்னைவிட ஏழு வயசு கூட என்று அக்கா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அந்த ஹாலின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கட்டிடத்துக்கே அதுதான் பெருமையாம். மதிய வெயில் அதன் வழியே இறங்கி எதிர்ச்சுவரில் ஒவ்வொரு படமாக நகர்ந்துகொண்டிருந்தது. கியூரேட்டர் பேசிக்கொண்டே இரண்டு தடவை இடம் மாறி நின்றார். ஏன் இப்படி நெளிகிறார் என்று நான் நினைத்தேன். சித்தி வெளியே வந்ததும் சொன்னார், அவர் நின்ற இரண்டு இடத்திலும் அவர் நிழல் சரியாகப் படத்தின் மேல்தான் விழுந்ததாம்.

“சித்தி, மூணு நிபுணரும் ஒண்ணா பொய் சொல்வாங்களா?”

“மாட்டாங்க. அவங்க சொன்னது நிஜம்.”

“அப்போ அக்கா சொல்றது பொய்யா?”

“அதுவும் நிஜம்டா.”

“ரொம்ப நல்லது. எல்லாரும் உத்தமர்கள்னா நாம வீட்டுக்குப் போலாமே.”

சித்தி என்னைக் கண்டுகொள்ளாமல் அக்காவிடம் பிரேமைப் பற்றிக் கேட்டார். பிரேம் நம்முடையதுதான், சந்தேகமே இல்லை என்றார் அக்கா. இடது கீழ்மூலையில் அரை நகம் அளவுக்குப் பொன்பூச்சு பெயர்ந்திருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டூல் மேல் ஏறித் துடைக்கும்போது அவரேதான் இடித்தாராம். இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு எங்களை நேராகப் பார்த்தார், எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. எனக்கு அந்த நிமிஷமே அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பிரேம் அதே பிரேம் என்றால், அதற்குள் வேறொன்றை ஏற்றியது ஒரு கை. அந்தக் கை யாருடையது என்று அக்காவுக்கே தெரிந்திருந்தது. மியூசியத்துக்கு முப்பது வருஷமாகப் பிரேம் போடுகிறவர் ஒரே ஆள்தான், கடை பஸ் டிப்போவுக்குப் பின்னால். மணி அப்போது ஒன்றே முக்கால். பஸ் வந்தது இரண்டு இருபதுக்கு. நான் திட்டிய திட்டில் அந்த நிறுத்தத்தின் கூரை இன்னும் நிற்பதே ஆச்சரியம்.

பிரேம் கடையில் மரத்தூளும் பசை நாற்றமும் மூக்கை அடைத்தன. சுவர் பூராவும் ஆணி, ஆணிக்கு ஒரு மரத்துண்டு. ஒவ்வொரு பிரேம் செய்யும்போதும் வெட்டி மிஞ்சுகிற மூலைத் துண்டில் அளவையும் ஆள் பெயரையும் பென்சிலால் எழுதி மாட்டிவிடுவது அந்தக் கடைக்காரரின் பழக்கம். என்றைக்காவது அதே பிரேம் உடைந்து திரும்பி வந்தால், துண்டை எடுத்து அப்படியே அளவு வைத்து வெட்டிவிடலாம்.

வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர் எடுத்த எடுப்பிலேயே முதுகைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷமாகச் சொன்னதில்லை, இனிமேலும் சொல்லப்போவதில்லை, கதவு அந்தப் பக்கம். சித்தி சரி என்று கிளம்பினார். வாசல் வரை போய், அந்தப் பூமரப் படத்தின் மூலையில் ஒரு தலைமுடி நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறதே, வயசானால் கை நடுங்கத்தான் செய்யும், பாவம் என்று என்னிடம் சொன்னார். சொல்லத்தான் தாமதம், உளியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார் மனுஷன். அடுத்த பத்து நிமிஷம் அந்த மூலையை எப்படி வெட்டினார், எப்படிச் சேர்த்தார், எந்தப் பசை, எத்தனை மணி நேரம் இறுக்கிவைத்தார் என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். நாங்கள் கேட்காததையும் சேர்த்து.

மேஜை மேல் பிரேம் இல்லாத படம் ஒன்று கிடந்தது, ஒரு ஆறும் படகும். மூன்றாம் ஹாலிலிருந்து புதுப் பிரேம் போட வந்ததாம். ஆறு மங்கிய சாம்பல் நிறம். ஆனால் படத்தின் நாலு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் பளிச்சென்று நீலமாக இருந்தது.

“இது என்ன, பார்டர் வரைஞ்சிருக்காங்களா?” என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் என் மேலே இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. சித்தி என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கினார். அது நாலு வருஷத்துச் சட்டை, கல்யாணத்துக்கு எடுத்தது, யார் கல்யாணம் என்பது இங்கே தேவையில்லை. சட்டை முழுக்க வெளுத்துப் போயிருந்தது. காலருக்கு அடியில் மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நீலம்.

“எத்தனை தடவை துவைச்சிருப்பே?” என்றார் சித்தி.

“கணக்கே இல்ல.”

“துவைச்சதுல மேல் பக்கம் நீலம் திரும்பி வந்துச்சா?”

வரவில்லை. எப்படி வரும்? அழுக்கு என்றால் துவைத்தால் போகும். வெயில் தின்றதை எந்தச் சலவைக்காரனும் திருப்பித் தர முடியாது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிரேமின் விளிம்பு மறைத்த ஓரத்தில் வெயில் படாது, அங்கே மட்டும் பழைய நிறம் தங்கிவிடும். அந்த ஹாலில் தொங்கிய எல்லாப் படத்துக்கும் இந்தக் கரை இருக்கும் என்று கடைக்காரரும் சொன்னார். சிலதில் தடிமனாக, சிலதில் நூல் அளவு.

“போன வாரம் பூமரப் படத்தை நீங்கதானே பிரேம்ல ஏத்தினீங்க,” என்றார் சித்தி. “அதுக்குக் கரை இருந்துச்சா?”

கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார். இல்லை என்றார். ஓரமும் நடுவும் ஒரே ரோஸ். அவருக்கே ஆச்சரியமாக இருந்ததாம். காலிப் பிரேமும் படமும் தனித்தனியாகத்தான் வந்திருந்தன, சுத்தம் பண்ணியாகிவிட்டது என்று கியூரேட்டர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டாராம்.

நான் துள்ளிவிட்டேன். அப்படியானால் அது அந்த ஹாலில் தொங்கிய படமே இல்லை, புதுசாக வரைந்த போலி, மூன்று நிபுணர்களும் கோட்டை விட்டார்கள், கேஸ் முடிந்தது. இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தன் கையை வெட்டினாலும் அது பழைய படம்தான் என்றார். துணியை இழுத்து அடித்திருக்கிற பின்கட்டை சுருங்கிய விதமும், ஆணிகள் துருவேறி மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடப்பதும் நூறு வருஷத்துக்குக் குறைந்து நடக்காதாம். நான் துள்ளியது எல்லாம் வீணாகிவிட்டது.

சித்தி இதற்குள் சுவருக்குப் பக்கத்தில் போய் மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். பூமரப் படத்தின் அளவு என்ன என்று அங்கிருந்தே கேட்டார்.

“அதை மறக்க முடியுமா? கோணல் படம் அது. வரைஞ்சவரே அவசரத்துல கட்டை அடிச்சிருக்கார், இடது பக்கம் ஒரு விரல் உயரம் கம்மி. பிரேமையும் கோணலா வெட்டினாத்தான் உள்ள உக்காரும். என் சர்வீஸ்ல அப்படிக் கோணலா ரெண்டே ரெண்டு பிரேம்தான் வெட்டியிருக்கேன்.”

“ரெண்டா?”

வாய் தவறிவிட்டது என்று கடைக்காரருக்கே தெரிந்துவிட்டது. சித்தி அவரைக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பதினாறு வருஷமாக அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை இன்று நாலு மணிக்குப் பைத்தியம் என்று எழுதி வாங்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் வரிசையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே கோணல். இரண்டும் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரே மாதம். ஒன்றில் மியூசியம் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் கியூரேட்டரின் வீட்டு விலாசம், பக்கத்தில் கீல் வைக்க இரண்டு துளை.

“பிரேமுக்கு எதுக்குக் கீல்?” என்றேன்.

“கதவு வெக்கச் சொன்னார், அலமாரி மாதிரி ரெண்டு கதவு. அளவு மட்டும் சீட்டுல எழுதிக் கொடுத்தார், படத்தைக் காட்டல. எதுக்குக் கதவுன்னு கேட்டேன். வெளிச்சம் ஆகாதுன்னார்.”

கேஸ் முடிந்துவிட்டால் திரும்பும் பஸ்ஸில் சித்திக்கு வேர்க்கடலை தின்கிற பழக்கம் உண்டு, இன்றைக்கு அதையும் காணோம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்தப் பொம்பளைகிட்ட இதை எப்படிடா சொல்றது என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

மூன்றே முக்காலுக்கு நாங்கள் கியூரேட்டர் அறைக்குள் நுழைந்தபோது அக்கா மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கடிதம் மேஜை மேல், பேனா மூடி திறந்து தயாராக. சித்தி இரண்டு மரத்துண்டுகளையும் அந்தக் கடிதத்தின் மேல் வைத்தார். ஒன்றின் மேல் ஒன்று வைத்ததும் கோணல் இம்மி பிசகாமல் பொருந்தியது. கியூரேட்டர் கீல் துளைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அக்கா, நீங்க சொன்னது சரி,” என்றார் சித்தி. “இது நீங்க காவல் காத்த படம் இல்ல. ஆனா இதுதான் ஒரிஜினல். பத்தொன்பது வருஷமா இவர் வீட்டுல கதவு போட்டுப் பூட்டி இருந்துச்சு. ஹால்ல தொங்கினது நகல். பெரிய மியூசியத்து ஆளுங்க வந்து பாத்தா மாட்டிப்போம்னு, சுத்தம் பண்றேன்னு சொல்லி மாத்தி வெச்சுட்டார். வீட்டுல வெயில் படாம அவ்வளவு பத்திரமா வெச்சிருந்ததுனாலதான் மாட்டிக்கிட்டார்.”

அக்கா அந்த அறையில் பதினாறு வருஷத்தில் உட்கார்ந்ததே இல்லையாம், பிறகு சொன்னார். இப்போது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தில் ஜெயித்த களையே இல்லை. தான் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாரமாகத் தவித்த பெண், சரி என்று தெரிந்த நிமிஷத்தில் இப்படி இடிந்து போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கியூரேட்டர் மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது. அந்தப் படம் தானமாக வந்தபோது, ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லிக் கமிட்டிக்கு மூன்று தடவை எழுதினாராம். ஜன்னல்தான் கட்டிடத்துக்கு அழகு, முடியாது என்றுவிட்டார்களாம். அந்த ரோஸ் நிறம் வெயிலுக்குத் தாங்காது என்று அவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

“ஆறும் படகும் இருக்கிற படத்தைப் பாத்தீங்கல்ல? அந்த கதிதான் இதுக்கும் வந்திருக்கும். நான் திருடல, காப்பாத்தினேன். இன்னிக்கு அந்தப் பூ ரோஸா இருக்குன்னா அதுக்கு நான்தான் காரணம். யார்கிட்ட வேணும்னாலும் சொல்வேன்.”

“நகலை யார் வரைஞ்சது?” என்று அக்கா கேட்டார்.

“நான்தான். ஒரு வருஷம் ஆச்சு.” அவர் குரலில் இப்போதுதான் வெண்ணெய் போய் வேறு ஏதோ வந்தது. “லட்சக்கணக்கான பேர் அதுக்கு முன்னாடி நின்னாங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லல. நீங்களும் சொல்லல.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. மூணாவது மரம் இதைவிட உங்களுதுல நல்லா இருந்துச்சு. உங்க பேரை எழுதி மாட்டியிருந்தா அதையும் இதே மாதிரிதான் காத்திருப்பேன்.”

கியூரேட்டர் மேஜை மேல் இருந்த மரத்துண்டுகளை நகர்த்தி, கடிதத்தை உருவி, இரண்டாகக் கிழித்தார். படம் திரும்பி வந்துவிட்டது, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றார். கடிதம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். நாளையிலிருந்து எல்லா ஹாலுக்கும் மேற்பார்வை அக்காதான். டைரியில் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டால் போதும். சுத்தம் பண்ணியதில் நிறம் மாறியது, அவ்வளவுதான், எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம்.

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேஸைக் கொடுத்தவர் அக்கா, முடிவும் அவருடையது, நாம் நடுவில் புகக் கூடாது. இது எங்கள் ஆபீஸின் முதல் விதி, நான் அடிக்கடி மீறுவது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகள் அழுததும், போகப்போகிற வேலையும், இப்போது கையில் வந்து விழுகிற மேற்பார்வை வேலையும் எனக்கே தலையைச் சுற்றியது. நானாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

“ஏழு வருஷமா ஒரு நர்ஸம்மா வர்றாங்க,” என்றார் அக்கா. “டியூட்டி முடிஞ்சு வந்து, அந்தப் படத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் சும்மா உக்காந்திருப்பாங்க. இன்னிக்கும் வந்திருக்காங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்களுக்கு என்ன தெரியும்?”

அக்கா எழுந்துவிட்டார். நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாகப் போட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நடந்தார். வேகமாகக்கூட இல்லை, தினமும் சாப்பிட்டுவிட்டு ஹாலுக்குத் திரும்புகிற அதே நடையாக இருக்கும். கியூரேட்டர் பின்னாலேயே ஓடினார். சித்தி மரத்துண்டுகளை எடுத்துக்கொண்டார், நான் இருவரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

நாலரைக்கு வர வேண்டியவர்கள் நாலு மணிக்கே வந்து படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். மூன்று பேர், கையில் வெள்ளைக் கையுறை. பெஞ்சில் நர்ஸ் அவர்களுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருந்தார். அக்கா அந்த மூன்று பேரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். இந்த அம்மாவுக்கு மறைக்கிறது என்றார். அவர்கள் தள்ளி நின்றார்கள்.

“அம்மா,” என்றார் அக்கா, ஹால் முழுக்கக் கேட்கும்படி. “நீங்க இத்தனை வருஷம் பாத்தது வேற படம். அது நகல். அதை வரைஞ்சவர் இதோ நிக்கிறார், எங்க கியூரேட்டர். இதுதான் ஒரிஜினல், இவர் வீட்டுல இருந்துச்சு. போன செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையா இந்த ஹாலுக்கு வந்திருக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். தெரிஞ்சதும் உங்ககிட்ட சொல்றேன்.”

நர்ஸ் எழுந்து நின்றார். வந்தவர்களில் மூத்த அம்மாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, இவர் சொல்வது நிஜமா என்று கியூரேட்டரைக் கேட்டார். சித்தி போய் இரண்டு மரத்துண்டுகளையும் அந்த அம்மாள் கையில் கொடுத்து, பிரேம் கடை எங்கே இருக்கிறது என்றும் சொன்னார்.

கியூரேட்டர் அக்கா பக்கம் திரும்பினார். முகம் வெளிறிக் கிடந்தது. “இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க இங்க வேலைல இல்ல. வெளிய போங்க.”

அக்கா பேட்ஜைக் கழற்றித் தன் நாற்காலி மேல் வைத்தார்.

“சரிங்க. இப்போ நானும் படம் பாக்க வந்தவதான். ஹால் மூடுறது அஞ்சரைக்கு. அதுக்கு முன்னாடி என்னை வெளிய அனுப்பணும்னா, மூணாம் ஹால் காவலாளியைக் கூப்பிடுங்க.”

சொல்லிவிட்டு நர்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்று படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கியூரேட்டர் ஹாலைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். கூப்பிட அங்கே யாரும் இல்லை.